கிரீஸ்காரர்

"தலமாடு ஒசரட்டும். மெதுவா... மெதுவா" என்றார் வீரமுத்து.

கயிற்றுக் கட்டிலின் முன்காலைத் தோளில் தாங்கியபடி அவர் புளியமரத்தின் மேல் ஏறி நின்றார். கள்ளக்குறிச்சி ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்திருந்த மரம். அடிப்பக்கம் நெஞ்சு உயரம் இருந்தது. இன்னொரு முன்காலைப் பிடித்திருந்த மகன் வெங்கடேசன் கிளைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடினான். பின்காலைப் பிடித்து வந்த ஊர்க்காரர் இரண்டு பேருக்கு, மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து கை கொடுத்தார்கள்.

கட்டிலில் வீரமுத்துவின் அண்ணன் ராஜாங்கம் படுத்திருந்தார். காலையில் பல் விளக்கப் போனவர் கிணற்றடியில் சாய்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டது. பேச்சு இல்லை. வலது கையும் காலும் மரக்கட்டை மாதிரி கிடந்தன. இடது கை மட்டும் கட்டில் கயிற்றின் மேல் எதையோ கிறுக்கிக்கொண்டே இருந்தது. எழுதிப் பழக்கமில்லாத கை.

மரத்தைத் தாண்டி இறங்கியதும் வீரமுத்து கேட்டார். "இன்னும் எத்தினி மரம்டா?"

"தியாகதுருகம் வரிக்கும் பதினெட்டுன்றாங்கப்பா."

"யாரு வெட்னது அத்தினியும்?"

வெங்கடேசன் துண்டை மடித்து உள்ளங்கைக்கும் கட்டில் காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். கை நிறையக் கொப்புளம். இரண்டு நாளாக அவன் வீட்டுக்கு வரவில்லை, காலையில் ஆள் அனுப்பித்தான் வரவழைத்தது. வீரமுத்து கொப்புளத்தைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். மேற்கே, வெகுதூரத்தில், கல்வராயன் மலை மழை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது.

எண்பத்தேழாம் வருஷத்துச் செப்டம்பர். படிப்பிலும் வேலையிலும் தங்கள் ஜனத்துக்கு இடஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் என்று சங்கத்தார் அறிவித்திருந்தார்கள். அன்றைக்கு மூன்றாம் நாள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் போலீஸ் நிற்கிறது, போக முடியாது என்றார்கள். ஆகவே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தே புறப்பட்டிருந்தார்கள். மாட்டு வண்டி முதல் மரத்தோடு நின்றுவிட்டது.

தலை மேற்கே பார்த்து இருக்கும்படிதான் கட்டிலைத் தூக்க வேண்டும் என்று வீரமுத்து புறப்படும்போதே சொல்லியிருந்தார். கால் முன்னால் போவது பிணத்துக்கு.

ராஜாங்கத்துக்கு ஊரில் கிரீஸ்காரர் என்று பெயர். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளுக்கு வரிசைச் சீட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தார். வண்டிகள் நாள் கணக்கில் காத்துக் கிடக்கும். காத்துக் கிடப்பவர்களிடம் "கிரீஸ் தேசத்துல ஒருத்தன் இருந்தான்" என்று ஆரம்பிப்பார். வண்டி அச்சுக்குப் போடுகிற கிரீஸைத் தவிர வேறு கிரீஸ் தெரியாத அவர் ஊர்க்காரன் ஒருத்தன் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து ஊரில் சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் லீவில் வரும்போதெல்லாம் "கிரீசு, அச்சுக்கு வுடு" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

அந்த ஒருத்தன் பெயர் கிளியாந்தஸ், பழைய காலத்துத் தத்துவ ஞானி. வீரமுத்துவின் வாயில் அது கிளியாந்தன் ஆகிவிட்டது.

தகப்பனார் செத்தபோது ராஜாங்கம் பள்ளிக்கூடப் படிப்பை முடித்திருந்தார். வீரமுத்துவுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு காணி நிலம், ஒரு ஜோடி மாடு. யாராவது ஒருத்தர்தான் படிக்க முடியும். "நீ போண்ணா. நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது வீரமுத்துதான். அண்ணன் சிதம்பரத்தில் படித்த நாலு வருஷமும் அவர் கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டினார். மாடுகளைச் சரிவில் இறக்கி, தண்ணீர் மொண்ட தோல் சாலைக் கிணற்றிலிருந்து மேலே இழுத்து, மறுபடி மாடுகளைப் பின்னால் நடத்தி ஏற்றி, மறுபடி இறக்கி, ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கணக்கில்லை. பள்ளிக்கூட வாசலை அவர் ஒருநாளும் மிதித்ததில்லை. கையெழுத்து மட்டும் அண்ணன் சொல்லிக் கொடுத்தார்.

சிதம்பரத்தில் ராஜாங்கம் கேட்ட பாடத்தில் இடம் இல்லை என்று தத்துவத்தில் போட்டார்கள். அங்கேதான் ஒரு வாத்தியார் கிளியாந்தஸ் கதையைச் சொல்லி, பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் கொடுத்திருக்கிறார். பட்டம் வாங்கி வந்தவருக்குத் தத்துவத்துக்கு ஏற்ற வேலை எங்கேயும் இல்லை. கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்து, குளிர் காய்ச்சலோடு இறங்கி வந்தார். அங்கே இங்கே கணக்கு எழுதினார். கடைசியில் ஆலை. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார். கிளியாந்தனைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதி முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் வாயிலிருந்து வந்த ஆசை.

ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது, கவலை ஓடும் சரிவின் மேட்டில் உட்கார்ந்துகொண்டு தம்பியிடம் சொன்னார்.

"ராத்திரி பூரா தோட்டத்துக்குத் தண்ணி எறைப்பான். பகல்ல போயி பாடம் கேப்பான். எழுதக் காயிதம் கெடையாது. மாட்டு எலும்புலயும் சிப்பி ஓட்டுலயும் எழுதுவான்."

"மாடு கட்டி எறைச்சானா, கையாலயா?"

"கையாலதான்."

வீரமுத்து யோசித்தார். "அப்ப இடுப்பு பூட்டிருக்குமே."

"மந்த புத்தி, கழுத மாதிரின்னு கூடப் படிச்சவங்க கேலி பண்ணாங்க. ஆமா, அதனாலதான் எங்க வாத்தியாரோட சொமைய என்னால தூக்க முடியுதுன்னான்."

"அப்புறம்?"

"அம்பது புஸ்தகம் எழுதினான் வீரா. காலத்தப் பத்தி ஒண்ணு, பொறாமயப் பத்தி ஒண்ணு, நன்றியப் பத்திகூட ஒண்ணு. ஒரே ஒரு பாட்டு தப்பிச்சுது. மத்தது ஒண்ணும் இல்ல. பேரு மட்டும் ஒரு பட்டியல்ல கெடக்குது."

மாடுகள் சரிவின் அடிக்குப் போய் நின்றிருந்தன. ராஜாங்கம் அவற்றைப் பார்த்துக்கொண்டு, "அவன் அவனுக்குத் தானே எறைச்சுக்கினான். எனக்கு நீ எறைச்ச" என்றார். வீரமுத்து ஹோ என்று மாட்டை அதட்டினார். அப்புறம் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

ஐந்தாவது மரத்தடியில் கூட்டம் அதிகம். கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கட்டிலைக் கண்டதும் நிறுத்தினார்கள். அதில் முனியன் இருந்தார். ஆலைக்கு வருஷக்கணக்காய்க் கரும்பு வண்டி ஓட்டியவர்.

"அடடே, நம்ம கிரீஸ்காரு இல்ல? இன்னாப்பா ஆச்சு?"

"கை கால் வரலண்ணே. பேச்சும் இல்ல."

"வழி வுடுங்கடா! புடிங்கடா அந்தப் பக்கம்!"

நிழலில் கட்டிலை இறக்கினார்கள். முனியன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து, கோணிய வாயில் கொஞ்சம் விட்டார். அது கன்னத்தில் வழிந்து காதுக்குப் போயிற்று. இரண்டாவது தடவை விட்டார். அதுவும் வழிந்தது. சொம்பை நிமிர்த்திக்கொண்டு முனியன் சற்று நேரம் முகத்தையே பார்த்தார்.

"வீரமுத்து" என்றார் மெதுவாக. "பூட்டாருப்பா."

கயிற்றின் மேல் இடது கை விரல்கள் பாதி மடங்கினபடி நின்றிருந்தன.

வெங்கடேசன் ரோட்டோரத்துக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் தோள் குலுங்கியது. வீரமுத்து அவன் பக்கத்தில் போய் நின்றார். கை வைக்கலாமா என்று நினைத்தார். "எழுந்திரு, தூக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

கட்டிலைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. வந்த வழியே நடந்தாலே கால் முன்னாலாகிவிடுகிறது. தாண்டி வந்த ஐந்து மரத்தையும் மறுபடி தாண்டினார்கள்.

துக்கம் சொல்லி அனுப்பவும் வழியில்லை. சைக்கிளில் வரப்பு வழியாகப் போன ஒருத்தன் களமருதூரில் வீரமுத்துவின் மகள் கோகிலவாணிக்கு மட்டும் தகவல் சேர்த்தான். அவள் மறுநாள் காலை பத்து மணிக்கு, செருப்பு அறுந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தாள். அழுதுகொண்டு வரவில்லை. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் அம்மா சாலம்மாள்தான் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று கத்தினாள்.

கல்யாணம் ஆகாதவர் என்பதால் புதைப்பதென்று முடிவாயிற்று. மறியலில் இருந்தவர்கள் ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். இல்லாவிட்டால் தூக்க ஆள் பற்றாது. குழிக்குப் பக்கத்தில் ஒருத்தர் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "நம்ம ஜனத்துல, இந்தச் சுத்துவட்டாரத்துலயே, பட்டம் வாங்கின மொத ஆளு இவுரு. கரும்பு வண்டிக்குச் சீட்டுக் கிழிக்கதான் வச்சாங்க இவுர" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கிரீசு, அச்சுக்கு வுடு என்று கத்தினவர்களும் அதில் இருந்தார்கள். வீரமுத்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார்.

அந்தப் பேச்சு அவருக்குப் புதிதில்லை. இதே பட்டத்தைக் காட்டித்தான் இருபது வருஷமாக ஊரில் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தினார்கள். பட்டம் படிச்ச கிரீஸ்காரு இன்னா கண்டாரு என்று கேட்டால் போதும், வாத்தியார்களும் திரும்பிப் போய்விடுவார்கள். வெங்கடேசன் ஒன்பதாவதோடு நின்றான். கோகிலவாணி பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்து, காலேஜுக்கு மனு வாங்கிக்கொண்டு வந்தாள். சாலம்மாள், "ஒருத்தரு படிச்சது போதும் இந்த வூட்டுக்கு" என்றாள். வீரமுத்து மனுவை மடித்து மாடத்தில் வைத்தார். அப்போது ராஜாங்கம் ஆலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த புதுசு. உள் அறையில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். எழுந்து வரவில்லை. மூன்று மாதத்தில் களமருதூரில் கல்யாணம் முடிந்தது.

அதற்குப் பிறகு நாலு வருஷம் அவர் அந்த அறையிலேயே எழுதினார். காலையில் உட்கார்ந்தால் வெயில் உச்சிக்கு வரும்வரை. அவர் எழுதுகிற நேரத்தில் சாலம்மாள் உரலில் கை வைக்க மாட்டாள். "முடியப் போவுதாண்ணா?" என்று வீரமுத்து எப்போதாவது கேட்பார். "கடைசி அத்தியாயம்தான் வீரா" என்பார். நோட்டுத் தீர்ந்தால் எலவனாசூர்கோட்டைக்குப் போய் வீரமுத்துதான் வாங்கி வருவார். கோடு போட்டது, இருநூறு பக்கம்.

புதைத்த இடத்தில் பால் தெளித்த அன்று மத்தியானம் வீரமுத்து அண்ணனின் தகரப் பெட்டியைத் தூக்கிவந்து மகள் முன்னால் வைத்தார்.

"உங்க பெரிப்பா எழுதினது. நீதான் படிக்கணும். இத்த அச்சுப் போடுறதுக்கு யார கேக்கணும், இன்னா செய்யணும், ஒண்ணும் தெரியல எனக்கு."

பெட்டியில் பதினாலு நோட்டு. கோகிலவாணி எல்லாவற்றையும் எடுத்து வெளியே அடுக்கினாள். பெட்டியின் அடிவரை கையை விட்டுத் தேடினாள்.

"பழைய நோட்டு எங்கப்பா?"

"எந்தப் பழசு?"

"ஆலையில இருக்கச் சொல்லோ எழுதினாரே. நீல அட்ட போட்ட ஏழு நோட்டு. லீவுல வந்தா எனக்குப் படிச்சுக் காட்டுவாரே."

"அதத்தான் சிதம்பரத்து வாத்தியாருக்கு அனுப்பிட்டாரே, பாத்துத் திருத்தித் தரச் சொல்லி. நான்தான் போஸ்டாபீசுல குடுத்தேன்."

"திரும்பி வந்துச்சா?"

"வாத்தியாரு பூட்டாருன்னு ஒரு கடுதாசி வந்துச்சு." வீரமுத்து நோட்டு அடுக்கைக் காட்டினார். "வேற ஒண்ணு எழுதி வச்சிருப்பாரும்மா. இதுல இருக்கும் பாரு."

அவள் முதல் நோட்டைத் திறந்தாள். பக்கங்களை வேகமாய்ப் புரட்டினாள். பிறகு மெதுவாய். அதை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள். ஐந்தாவதை நடுவில் திறந்தாள். கடைசி நோட்டைக் கடைசியிலிருந்து திறந்தாள். நிலைப்படியில் சாய்ந்து நின்ற வீரமுத்து அவள் முகத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா?"

"இருப்பா."

அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நாற்று நட்ட வயலைப் பார்த்தால் எந்த வரிசை யார் நட்டது என்று சொல்கிற கண் அது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரிசை. முதலில் ஒரு சுழி, அடுத்து கொம்பு போட்ட ஒன்று, நடுவில் நீளமாய் இழுத்தது, கடைசியில் தலையில் புள்ளி வைத்தது, அதோடு நிற்கிறது. கீழே இடம் வெறுமையாய். அடுத்த பக்கத்தில் மறுபடி அதே சுழி. சில பக்கத்தில் அடித்துவிட்டு, அதன் கீழே திரும்பவும் அதே. சாலம்மாள் எட்டிப் பார்த்து, "எம்மாம் எழுதியிருக்காரு மனுசன்" என்று பெருமூச்சு விட்டாள்.

"முடிச்சிட்டாரா?" என்று கேட்டார் வீரமுத்து.

கோகிலவாணி தலையை நிமிர்த்தவில்லை. "முடிச்சிட்டாருப்பா."

"கடைசில இன்னா எழுதியிருக்காரு? படியேன்."

அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு படித்தாள். புத்தகத் தமிழில், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கும் நாளில் படித்த அதே குரலில்.

"கிளியாந்தஸ் எழுதியவை அழிந்தன. அவற்றை அழித்தவர் என்று எவரையும் காட்ட முடியாது. படிக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை, நகல் எடுக்க வேண்டியவர்கள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அவன் இறைத்த நீரும் போய்விட்டது. ஆனால் அந்தத் தோட்டத்தில் விளைந்ததைத் தின்றவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அவன் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது."

இவ்வளவையும் படிக்கிறவரை அவள் பக்கத்தைத் திருப்பவில்லை. கண்ணும் ஒரே இடத்தில் இருந்தது.

சாலம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெங்கடேசன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான், உள்ளே வரவில்லை.

"நல்லா எழுதியிருக்காரு" என்றார் வீரமுத்து. நோட்டுகளைத் தானே எடுத்துப் பெட்டியில் அடுக்கி மூடினார். அச்சுப் போடுவது பற்றி அப்புறம் அவர் கேட்கவில்லை.

மறியலின் ஏழு நாளும் முடிந்து, எட்டாம் நாள் ரோடு திறந்தது. வெட்டிய மரங்களை ஆட்கள் ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். கோகிலவாணி ஊருக்குக் கிளம்பினாள். வீட்டில் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வீரமுத்து பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தார். உளுந்தூர்பேட்டை பஸ் கூட்டத்தோடு வந்தது. ஏழு நாள் ஜனம் அதில் ஏறியிருந்தது. அவளுக்கு ஜன்னலோரம் ஒரு இடம் கிடைத்தது.

வீரமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா."

"இன்னாப்பா?"

"எல்லாப் பக்கத்துலயும் ஒரே வரிதான?"

அவள் அவரைப் பார்த்தாள். பொய் சொல்ல வாயைத் திறந்த மாதிரிதான் இருந்தது. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"'கிளியாந்தஸ் இறந்த பின் அவன் எழுதியவை எல்லாம்'... அவ்ளோதாம்ப்பா. அதுக்கு மேல போவல. பதினாலு நோட்டும்."

"நாலு வருசம்."

"ஆமாப்பா."

கண்டக்டர் பின்பக்கம் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வீரமுத்து கம்பியை விடவில்லை.

"அப்ப நீ படிச்சது..."

கோகிலவாணி கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்களின் மேல் தன் கையை வைத்தாள். அந்தக் கையின் வெடிப்புகளில் அடுப்புக் கரி ஏறியிருந்தது. விசில் கேட்டது. பஸ் நகர்ந்தபோது அவரும் நாலு எட்டு கூடவே நடந்தார், பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். ரோட்டோரத்தில் சாய்ந்து கிடந்த புளியமரத்தைச் சுற்றி நாலைந்து பெண்கள் அரிவாளால் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு விறகுக் கட்டு ஆகியிருந்தது. தனக்குத் தானே தூக்கி வைத்துக்கொள்ள முடியாமல் ஒருத்தி சும்மாட்டைத் தலையில் வைத்தபடி இங்கும் அங்கும் பார்த்தாள்.

"இன்னா பெரியவரே, சும்மாதான நிக்கறீங்க? இத்த கொஞ்சம் தூக்கி வுடுங்களேன்."

வீரமுத்து திரும்பினார். கிட்டே போய்க் குனிந்து, கட்டின் அடியில் கை கொடுத்து, அவள் தலைக்கு ஏற்றிவிட்டார். அவள் கழுத்தைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். அடுத்தவள் தன் கட்டை அவர் காலடிக்கு உருட்டினாள். அதையும் குனிந்து தூக்கினார்.